வானமா, முகமா? – கடற்கரைப் படத்தின் கதை

இந்த வருஷம் மாசி மகத்துக்குப் பேத்தியை அழைத்துக்கொண்டு கிள்ளைக்குப் போய் வந்தேன். நம் ஸ்ரீமுஷ்ணம் பூவராகப் பெருமாள் ஆண்டுதோறும் சிதம்பரம் வழியாகக் கிள்ளைக் கடற்கரைக்கு எழுந்தருளித் தீர்த்தவாரி காண்பதும், வழியில் முஸ்லிம் பெருமக்கள் வரவேற்று மரியாதை செய்வதும் உங்களுக்குத் தெரிந்ததுதான். அதைப் பற்றி முன்பே எழுதியிருக்கிறேன். இன்று எழுத வந்தது வேறு. கடலைப் படம் பிடிப்பது ஏன் இவ்வளவு கஷ்டமாக இருந்தது, அதை யார் முதலில் வென்றார் என்ற கதை.

1973இல் இதே மாசி மகத்துக்கு அப்பாவோடு போயிருந்தேன். வேலையில் சேர்ந்த புதிது. மிச்சம் பிடித்து ஒரு ஆக்ஃபா கிளிக் 3 கேமரா வாங்கியிருந்தேன். உங்களில் பலர் வீட்டிலும் அது இருந்திருக்கும். ஒரு ரோலில் 12 படம். வெயில், மேகம் என்று இரண்டு மூன்று குறிகள், அவ்வளவுதான்.

சுவாமி வருவதற்கு முன், காலையில் அப்பாவை மணலில் நிறுத்தினேன். பின்னால் கடல், சூரியன் ஒரு பனை உயரம் ஏறியிருந்தது. ஒரு படம்தான் எடுத்தேன். மற்றதைச் சுவாமிக்கு வைத்துக்கொள்ள வேண்டுமே என்ற சிக்கனம். ஸ்டூடியோவில் பிரிண்ட் வாங்கிப் பார்த்தால் மேகம், அலை, ஒரு கட்டுமரம், மணல் மேடு எல்லாம் அருமையாக விழுந்திருந்தன. நடுவில் அப்பா மட்டும் கரிக்கட்டை போல நின்றார். கண், மூக்கு ஒன்றும் தெரியவில்லை.

அப்பா படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "கடலை நல்லா எடுத்திருக்கே. நான்தான் குறுக்கே நின்னுட்டேன்" என்றார்.

அடுத்த மாசி மகத்துக்கு அவர் இல்லை. அவருக்கு வேறு படம் என்று பார்த்தால் அலுவலக அடையாள அட்டைக்கு எடுத்த தபால்தலை அளவுப் படம் ஒன்றுதான்.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன். பள்ளி நாளில் ஒரு பிரெஞ்சுப் புத்தகத்தில் பெரிய அலை ஒன்றின் படத்தைப் பார்த்திருக்கிறேன். கறுத்த வானம், கரையில் மோதிச் சிதறும் நுரை. எடுத்தவர் குஸ்தாவ் லெ கிரே; இடம் பிரான்சின் தென்கரையில் உள்ள செத் துறைமுகம்; வருஷம் 1857. அப்போது அதை ஓவியம் போல ரசித்ததோடு சரி. அப்பா படம் பாழான பிறகுதான் அந்த மனிதரைத் தேடிப் படித்தேன்.

அந்தக் காலத்தில் ஃபிலிம் கிடையாது. கண்ணாடித் தகட்டில் கொலோடியன் என்ற திரவத்தைப் பூசி, வெள்ளி உப்பில் முக்கி, ஈரம் காய்வதற்குள் படம் எடுத்துக் கழுவிவிட வேண்டும். கடற்கரையில் எடுப்பவர் இருட்டுக் கூடாரத்தையும் சுமந்து போக வேண்டும். அதைவிடப் பெரிய தொல்லை, அந்தத் தகடு நீல நிறத்துக்கு மிதமிஞ்சி மசிந்துவிடும். கடலும் பாறையும் பதியும்வரை காத்திருந்தால் வானம் வெளுத்து வெறும் வெள்ளைத் தாளாகிவிடும். வானத்துக்காக அவசரப்பட்டால் கீழே எல்லாம் இருண்டுவிடும். கிள்ளையில் எனக்கு வந்த அதே வினைதான்.

லெ கிரே ஓவியம் படித்தவர். பல படங்களில் அவர் செய்தது இது: கடலுக்கு ஒரு நெகடிவ், வானத்துக்கு வேறொரு நெகடிவ் எடுத்துக்கொண்டு, இரண்டையும் தொடுவானக் கோட்டில் பொருத்தி ஒரே தாளில் அச்சிட்டார். நான் சொன்ன பெரிய அலையும் அப்படிச் சேர்த்ததுதான். அவருடைய படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரே மேகம் இரண்டு வெவ்வேறு கடல்களுக்கு மேல் நிற்பதைக் காணலாம்! இங்கிலாந்திலும் பிரான்சிலும் மக்கள் ஆசையாக வாங்கினார்கள். ஆனாலும் மனிதருக்குக் கணக்கு வழக்கு வரவில்லை. கடன் தொல்லையில் 1860இல் பாரிஸை விட்டுப் போனவர் திரும்பவே இல்லை. கெய்ரோவில் ஓவிய ஆசிரியராகக் காலம் தள்ளி 1884இல் இறந்தார்.

அவருக்கும் நமக்கும் ஒரு தொடர்பு உண்டு. தாளில் மெழுகு ஏற்றி நெகடிவ் எடுக்கும் முறையை 1851இல் வெளியிட்டவர் அவரே. கண்ணாடித் தகடு போல உடனே கழுவ வேண்டியதில்லை என்பதால் வெயில் நாட்டுக்குப் பொருத்தமான முறை. சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்த கேப்டன் லின்னேயஸ் டிரைப், 1857–58இல் மதுரை, ஸ்ரீரங்கம், தஞ்சாவூர் என்று சுற்றியபோது மெழுகுத் தாளையும் பயன்படுத்தினார். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டை 21 நெகடிவ்களாக எடுத்து, சுமார் 19 அடி நீளத்துக்கு ஒட்டிச் சேர்த்தவர் அவர். வெளுத்த வானம் அவரையும் விடவில்லை. நெகடிவின் மேலேயே வர்ணம் தீட்டி மேகம் வரைந்திருக்கிறார்.

நம் கிழக்குக் கரையில் இன்னொரு சங்கடம். காலையில் சூரியன் கடலிலிருந்து வருகிறது. கடலைப் பின்னால் வைத்தால் முகம் இருளும். முகத்தில் வெளிச்சம் விழ வேண்டுமென்று ஆளைக் கடல் பக்கம் திருப்பினால் பின்னால் சவுக்குத் தோப்புதான் தெரியும். முகமும் வேண்டும், கடலும் வேண்டும் என்றால் சாயங்காலம் போக வேண்டும். அப்போது வெயில் கரைப் பக்கமிருந்து வந்து முகத்தில் விழும், பின்னால் கடல் நீலமாக நிற்கும். காலையில்தான் எடுப்பேன் என்றால், சூரியன் மேகத்துக்குள் நுழையும்வரை பொறுக்க வேண்டும். 1973இல் யாராவது எனக்கு இதைச் சொல்லியிருக்கலாம்.

இந்த வருஷம் பேத்தி என்னை அதே கரையில் காலை வெயிலில் நிறுத்திக் கைபேசியில் ஒரு தட்டுத் தட்டினாள். என் முகமும் தெரிகிறது, பின்னால் மேகமும் தெரிகிறது. "எப்படி?" என்றேன். "அதுவே வெளிச்சத்தைக் கூட்டிக் குறைச்சு நாலஞ்சு படம் எடுத்துச் சேர்த்துடும் தாத்தா" என்றாள். லெ கிரே கை வலிக்கச் செய்ததைக் கைபேசி கண் சிமிட்டுவதற்குள் செய்கிறது.

பையில் வைத்திருந்த பழைய பிரிண்டை எடுத்துக் காட்டினேன். பக்கத்தில் வலை சரிசெய்துகொண்டிருந்த பெரியவர் ஒருவரும் எட்டிப் பார்த்தார். "இந்த மணல் மேடு சுனாமியில போயிடுச்சுங்க. கட்டுமரமும் இப்ப ஏது, எல்லாம் ஃபைபர் படகு" என்றார். 2004 டிசம்பர் 26 இந்தக் கரையை என்ன செய்தது என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவர் படத்தைத் திருப்பித் தர மனமில்லாமல் வெகுநேரம் வைத்திருந்தார். கரிக்கட்டையாக நின்ற ஆளை அவர் கவனிக்கவே இல்லை. நான் இத்தனை வருஷமாக அந்த ஆளைத் தவிர வேறு எதையும் அதில் பார்த்ததில்லை.

வீட்டுக்கு வந்ததும் பேத்தி, "அடையாள அட்டைப் படத்திலேருந்து கொள்ளுத்தாத்தா முகத்தை எடுத்து இதுல வச்சுத் தரட்டுமா?" என்று கேட்டாள். நல்ல மனதோடுதான் கேட்டாள். வேண்டாம் என்றேன். லெ கிரே சேர்த்ததும் உண்மையான கடல், உண்மையான வானம்தான். ஆனால் அலுவலகத்துக்காக விறைத்துப் பார்த்த அந்த முகம், அன்று கிள்ளையில் மகனுக்காக நின்ற முகம் அல்ல. அது நெகடிவில் விழவில்லை. விழாததை யாராலும் எடுத்து வர முடியாது.

நண்பர்களே, உங்கள் பெட்டியில் தேவனாம்பட்டினம், பரங்கிப்பேட்டை, கிள்ளை என்று பழைய கடற்கரைப் படங்கள் இருந்தால் எறிந்துவிடாதீர்கள். பின்புறம் பென்சிலால் இடமும் வருஷமும் நிற்பவர் பெயரும் எழுதி வையுங்கள். நான் என் படத்தின் பின்னால் இப்போதுதான் எழுதினேன்: கிள்ளை, மாசி மகம், 1973, அப்பா.