முதியோர் வீடு திரும்பல் பராமரிப்பு

உள்நோயாளியாக இருந்த முதியவர் வீட்டுக்குப் போன பின்னும் சிகிச்சை அறுபடாமல் தொடரச் செய்யும் ஏற்பாடுகள் வீடு திரும்பல் பராமரிப்பு எனப்படும். மருந்துகளைச் சரிபார்த்தல், வீட்டைத் தயார்செய்தல், உடனிருப்பவருக்குப் பயிற்சி, மறுபரிசோதனை ஆகியவை இதன் கூறுகள். செவிலியர் ஒருவரே மருத்துவமனையிலும் பிறகு வீட்டிலும் நோயாளியைக் கவனித்தால் மீண்டும் சேர்க்க நேர்வது குறையும் என்பதை அமெரிக்காவில் மேரி நெய்லர் குழுவினர் 1990களில் ஆய்வுகளால் காட்டினர்.

கொங்குச் சூழல்

கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும் நகரின் தனியார் மருத்துவமனைகளுக்கும் திருப்பூர், ஈரோடு, நீலகிரிப் பக்கங்களிலிருந்தும் நோயாளிகள் வருகிறார்கள். ஊரைவிட்டுத் தள்ளியிருக்கும் தோட்டத்து வீடான சாளைக்குத் திரும்பும் பெரியவர்களும் உண்டு. பிள்ளைகள் வெளியூரில் இருந்தால் துணைக்கு ஆள் இராது. பழைய சாளைகளில் கழிப்பறை வாசலைத் தாண்டித் தனியே இருக்கும். இடுப்பெலும்பு முறிந்து அறுவை செய்துகொண்டவருக்கு இரவில் அந்த நடையே ஆபத்து. கட்டிலருகே கமோடு நாற்காலி, வழியில் விளக்கு, சுவரில் கைப்பிடி ஆகியவற்றை அவர் வந்து சேருமுன்பே அமைத்துவிட வேண்டும்.

மருந்துக் குழப்பம்

மருத்துவமனையில் எழுதிய இரத்த அழுத்த மாத்திரையும் வீட்டில் மீந்திருக்கும் பழைய மாத்திரையும் வெவ்வேறு வணிகப் பெயரில் ஒரே மருந்தாக இருக்கலாம். இரண்டையும் விழுங்கினால் அழுத்தம் தாழ்ந்து, எழுந்து நிற்கும்போது தலைசுற்றி விழ நேரும். வீட்டிலுள்ள மாத்திரை அட்டைகள் முழுவதையும் எடுத்துப்போய், டிஸ்சார்ஜ் சம்மரியோடு ஒப்பிட்டு, எதைத் தொடர்வது, எதை நிறுத்துவது என்று மருத்துவரிடம் எழுதி வாங்குவதே பாதுகாப்பு.

அரசு சேவைகள்

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் நீரிழிவு, இரத்த அழுத்த மருந்துகளை வீட்டுக்கே கொண்டுவருகிறது; இயன்முறைச் சிகிச்சையும் நோய்த்தணிப்புச் சிகிச்சையும் அதில் உண்டு. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டு இவற்றைப் பெறலாம். முதியோர் உதவி எண் 14567. அவசர ஊர்தி 108.

மூச்சுத்திணறல், திடீர்க் குழப்பம், காய்ச்சல், புண்ணில் சீழ் ஆகியவற்றில் எது தெரிந்தாலும் மறுபரிசோதனை நாள்வரை காத்திருக்கக் கூடாது. யாரை அழைப்பது, அடுத்து எப்போது வருவது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் பெரியவரை வண்டியில் ஏற்றாதீர்கள்.