செயல்முறையின் எல்லை எது? அரவிந்த் கண் மருத்துவமனையை முன்வைத்து ஓர் ஆய்வு

செயல்முறை அளவீடு பற்றிய பாடங்கள் பெரும்பாலும் கடிகாரத்திலிருந்துதான் தொடங்குகின்றன. ஒரு பணிக்கு எத்தனை நிமிடம், நாளொன்றுக்கு எத்தனை உருப்படி, ஆளும் எந்திரமும் எவ்வளவு நேரம் சும்மா இருந்தன என்று கணக்கு நீளும். ஆனால் கடிகாரத்தைக் கையில் எடுக்கும் முன்பே ஒரு முடிவு எடுக்கப்பட்டுவிடுகிறது: செயல்முறை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது. பின்னால் வரும் எண்களுக்கு என்ன பொருள் என்பதை அந்த எல்லையே தீர்மானிக்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம். 1993 முதல் ஹார்வர்டு வணிகப் பள்ளியின் பாடமாக இருந்துவரும் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை இதற்குத் தக்க சான்று.

அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-இல் 11 படுக்கைகளோடு தொடங்கிய நிறுவனம் அது. அங்கே கண்புரை அறுவை அரங்கில் ஒரு மருத்துவருக்கு இரண்டு மேசைகள். ஒன்றில் அறுவை நடக்கும்போதே அடுத்த மேசையில் மற்றொருவரைப் படுக்கவைத்து, கண்ணைத் துடைத்து, முகத்தின்மேல் துணி போர்த்தி, கருவித் தட்டை எடுத்துவைத்துவிடுவார்கள். முதல் அறுவை முடிந்ததும் நுண்ணோக்கி மறுபக்கம் திரும்பும். முன்தயாரிப்பைச் செய்பவர்கள், பெரும்பாலும் கிராமங்களிலிருந்து தேர்ந்தெடுத்துப் பயிற்றுவிக்கப்பட்ட பெண்கள். மருத்துவரின் கை மட்டுமே செய்யக்கூடிய வேலை மருத்துவரிடம், மற்றதெல்லாம் பிறரிடம். ஓட்டத்தின் குறுகல் எது என்று தெளிவாகக் கண்டுகொண்ட ஏற்பாடு இது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அறுவைக்கு 8 நிமிடமும், மேசையை ஒழித்து அடுத்தவரைத் தயார்செய்ய 7 நிமிடமும் ஆகின்றன என்று கொள்வோம். ஒற்றை மேசையில் 15 நிமிடத்துக்கு ஒருவர். மணிக்கு 4 பேர். இரண்டு மேசை என்றால் மருத்துவர் ஓய்வதேயில்லை. 8 நிமிடத்துக்கு ஒருவர், மணிக்கு 7.5 பேர். ஜான் லிட்டில் 1961-இல் நிறுவிய விதிப்படி, உள்ளே இருப்போரின் சராசரி எண்ணிக்கை என்பது வரும் வீதத்தையும் தங்கும் நேரத்தையும் பெருக்கக் கிடைப்பது. மேசையில் எப்போதும் 2 பேர், வீதம் மணிக்கு 7.5, ஆக ஒருவர் மேசையில் இருக்கும் நேரம் 16 நிமிடம். நோயாளியின் நேரம் குறையவில்லை, ஒரு நிமிடம் கூடியிருக்கிறது! கிட்டத்தட்ட இருமடங்கானது வெளியீடு மட்டும். இவ்விரண்டும் சேர்ந்தே நகரும் என்று எண்ணுவது மேலாளர்களிடம் அடிக்கடி காணும் பிழை.

வேகம் தரத்தைக் கெடுத்ததா என்ற கேள்வி எழும். கெடுத்திருந்தால் இந்தக் கணக்குகளுக்கு மதிப்பே இல்லை. அரவிந்த் மருத்துவர்கள் 2017-இல் வெளியிட்ட ஆய்வு 6 லட்சத்துக்கும் மேற்பட்ட அறுவைகளைப் பார்த்தது. கண்ணுக்குள் மாக்ஸிஃப்ளாக்ஸசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்தைச் செலுத்தாதபோது 0.07 விழுக்காடாக இருந்த கடுமையான உட்கண் தொற்று, செலுத்தியபோது 0.02 விழுக்காடாக இருந்தது. இவ்வளவு சிறிய வேறுபாட்டை நம்பிக்கையோடு சொல்ல இவ்வளவு பெரிய எண்ணிக்கை வேண்டும். அந்த எண்ணிக்கையைத் தந்ததும் அதே ஓட்டம்தான்.

இனி எல்லையை அகலப்படுத்திப் போடுவோம். ஊர்களில் நடத்தும் கண் பரிசோதனை முகாமில் அறுவைக்குத் தேர்வானவர் பேருந்தில் அழைத்துவரப்படுகிறார். அறுவை முடிந்து திரும்பும்வரை உணவும் தங்குமிடமும் மருத்துவமனை பொறுப்பு. நாளொன்றுக்கு 300 பேர் வந்து ஆளுக்கு 2 நாள் தங்குவதாகக் கொண்டால், எந்நேரமும் 600 பேர் கட்டடத்துக்குள் இருப்பார்கள். இந்த எல்லைக்குள் 8 நிமிடம் ஒரு பொருட்டே அல்ல. சமையலறையும் பாயும் பேருந்துமே செயல்முறை. மருத்துவர் ஓயாமல் இருக்க வேண்டுமானால் நோயாளிகள் எப்போதும் காத்திருந்தாக வேண்டும். பயன்பாட்டு வீதம் 80-இலிருந்து 90 விழுக்காட்டுக்கு உயர்ந்தால், எளிய வரிசை மாதிரியில் காத்திருப்பு இரு மடங்குக்கும் மேலாகிவிடும். யாருடைய நேரம் மலிவு என்ற முடிவு அந்த ஏற்பாட்டுக்குள் ஒளிந்திருக்கிறது. பார்வை இழந்தவருக்கு இரண்டு நாள் காத்திருப்பு ஏற்கத்தக்க விலை என்றே நான் கருதுகிறேன். கூலியை விட்டுவிட்டு உடன்வரும் மகனிடமும் அதைக் கேட்டுப் பார்க்க வேண்டும்.

எல்லையை இன்னும் தள்ளினால் படம் மாறிவிடுகிறது. தென்னிந்தியக் கிராமங்களைப் பற்றி 1999-இல் வெளியான ஓர் ஆய்வு, கண் குறை உள்ளவர்களில் முகாமுக்கு வந்தவர்கள் சுமார் 7 விழுக்காட்டினரே என்று கண்டது. பயம், செலவு, குடும்பப் பொறுப்பு ஆகியவை மற்றவர்களை வீட்டிலேயே நிறுத்தின. மருத்துவமனைக்குள் எடுக்கும் எந்த அளவீட்டிலும் மீதமுள்ள இந்த 93 விழுக்காட்டினர் தென்பட மாட்டார்கள்: வரிசையில் நிற்கவில்லை, கோப்பு இல்லை, காத்திருப்பு நேரமும் இல்லை. அரங்கின் வெளியீடு உச்சத்தில் இருந்தபோதே மொத்த ஓட்டத்தின் குறுகல் ஊர்த் தெருவில் இருந்தது. மூன்றாவது மேசை போட்டிருந்தாலும் பயன் ஏதும் விளைந்திராது.

பின்னாளில் ஊர்களுக்கு அருகே நிலையான பார்வை மையங்கள் தொடங்கப்பட்டு, மதுரையிலுள்ள மருத்துவர் தொலைத்தொடர்பு வழியே நோயாளியைப் பார்க்கும் முறை வந்தது. இம்மையங்களை எப்படி மதிப்பிடுவது என்பதிலும் அதே கேள்வி திரும்ப எழுகிறது. நாளொன்றுக்கு வந்தவர்களை எண்ணினால், கூட்டம் குறைந்த மையம் தோல்வியாகத் தெரியும். சுற்றுவட்ட மக்கள்தொகையில் கண் குறை உள்ளவர்களை வகுஎண்ணாக வைத்தால், அதே மையம் தன் வேலையை ஏறத்தாழ முடித்துவிட்ட மையமாகவும் இருக்கக்கூடும்.