இயேசுவின் சாந்தமும் வல்லமையும்

இயேசுவைச் சாந்தமும் வல்லமையும் ஒருங்கே உடையவராகக் காணும் கிறிஸ்தவப் புரிதல் நற்செய்தி நூல்களிலேயே வேர்கொண்டது. மத்தேயு 11-ஆம் அதிகாரத்தில் தம்மைச் சாந்தமும் மனத்தாழ்மையும் உள்ளவர் என்று சொல்பவரே 21-ஆம் அதிகாரத்தில் எருசலேம் ஆலயத்திலிருந்து வணிகரைத் துரத்துகிறார். இவற்றை மாறிமாறி வரும் இரு மனநிலைகளாகக் கொள்வதற்கு மூலநூல்கள் அதிகம் இடந்தருவதில்லை. பெரும்பாலான ஆய்வாளர் மிகப் பழையதெனக் கருதும் மாற்கு நற்செய்தி, சூம்பின கையுடையவன் நலமடையும் நிகழ்ச்சியில் (3:5) சினம், துக்கம், குணமாக்கல் மூன்றையும் ஒரே வசனத்தில் வைக்கிறது. அங்கே சினம் இரக்கத்தின் மறுபக்கமாகவே நிற்கிறது. யோவான் மட்டுமே குறிப்பிடும் கயிற்றுச் சாட்டை (2:15) மனிதர்மேலும் ஓங்கப்பட்டதா, ஆடுமாடுகளை ஓட்ட மட்டும் பயன்பட்டதா என்பதில் உரையாசிரியர்கள் ஒன்றுபடவில்லை.

இவ்விரு பண்புகளும் கலையிலும் இடம்பெற்றன. 3-ஆம் நூற்றாண்டின் உரோமை நிலவறைக் கல்லறை ஓவியங்களில் ஆட்டைத் தோளில் சுமக்கும் நல்ல மேய்ப்பர் காணப்படுகிறார். அடுத்த நூற்றாண்டில் அரியணையில் அமர்ந்த கிறிஸ்து தோன்றுகிறார். இது பேரரசர் உருவத்தின் சாயல் என்ற பழைய கருத்தைக் கலை வரலாற்றாளர் தாமஸ் மேத்யூஸ் 1993-இல் மறுத்தார், விவாதம் முடிந்தபாடில்லை. சீனாய் மலையடிவாரத்துப் புனித கத்தரீன் மடத்தில் உள்ள 6-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கிறிஸ்துவின் மரப்பலகை ஓவியம் தனித்துச் சொல்லத்தக்கது. உருக்கிய மெழுகில் குழைத்த வண்ணத்தால் ஆன அம்முகத்தில், ஆசி வழங்கும் கைப்பக்கத்துக் கண் அமைதியாகவும், நற்செய்தி நூல் ஏந்திய பக்கத்துக் கண் கடுமையாகவும் நோக்குகின்றன. 451-இல் கால்சிதோன் சங்கம் வரையறுத்த தெய்விக, மனித இயல்புகளே இவ்விரு நோக்குகளும் என்று சிலர் விளக்குவர். ஆனால் சாந்தத்தை மனிதத்துக்கும் வல்லமையைத் தெய்விகத்துக்கும் பங்கிட்டால், அவ்வியல்புகள் பிரிக்கப்படாதவை என்ற அச்சங்கத்தின் கூற்றே அடிபடும். பின்னாளில், 1223-இல் அசிசி பிரான்சிஸ் கிரேச்சோவில் அமைத்த கிறிஸ்து பிறப்புக் குடில், குழந்தை இயேசுவின் எளிமைமேல் மக்கள் பக்தியைத் திருப்பியது.

இவ்விரு பண்புகள் பற்றிய விவாதத்துக்குச் சான்றுகள் மிகுந்திருப்பது 19-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில். சார்லஸ் வெஸ்லி 1742-இல் சிறுவருக்கென வெளியிட்ட பாடல் வழியாக மென்மையான இயேசு வீடுதோறும் அறிமுகமாகியிருந்தார். சமயம் ஆண்களுக்கு அந்நியமாகிவிட்டதென்ற கவலையிலிருந்து, உடலுறுதியைப் போற்றும் ‘தசைவலுக் கிறிஸ்தவம்’ எழுந்தது. 1857-இல் ஒரு நூல் மதிப்புரையில் எழுத்தாளர் சார்லஸ் கிங்ஸ்லியைக் குறித்து வழங்கப்பட்ட இப்பெயரை அவரே விரும்பவில்லை. இவ்வியக்கம் பேரரசுக்கு வீரர்களை வார்க்க உதவியது என்ற விமர்சனத்தில் உண்மையுண்டு. ஆயினும் அதன் முதன்மை நூலான தாமஸ் ஹியூஸின் ‘கிறிஸ்துவின் ஆண்மை’ (1879) அந்த விமர்சனத்துக்குள் அடங்கவில்லை. இலண்டன் தொழிலாளர் கல்லூரியில் குத்துச்சண்டை கற்பித்த அதே ஹியூஸ், உடல்வலு ஆண்மையாகாது என்றும், மெலிந்த உடலிலும் அது குடியிருக்கும் என்றும், பிறர்மேல் கனிவு அதன் பகுதியே என்றும் எழுதினார். இயேசுவிடம் எதிர்க்கும் ஆற்றலே இல்லை என்ற தத்துவஞானி நீட்சேயின் வாதம் (1895-இல் வெளியானது) இதற்கு நேரெதிர். கைதாகும் வேளையிலும் பன்னிரண்டு படையணிக்கும் மேற்பட்ட தூதர்களை அழைக்க முடியும் என்று இயேசு சொல்வதாக மத்தேயு (26:53) எழுதுகிறார். நற்செய்தி காட்டும் சாந்தம் இயலாமை அன்று, தாமே ஏற்ற கட்டுப்பாடு.

அமெரிக்க விளம்பரத் துறையினரான புரூஸ் பார்ட்டன் 1925-இல் தம் நூலில் இயேசுவை ஆற்றல்மிக்க நிர்வாகியாகக் காட்டியது ஹியூஸைவிட மேலோட்டமானது. ஓவியர் வார்னர் சால்மன் 1940-இல் வரைந்த கிறிஸ்துவின் முகத்தை அமெரிக்கரில் சிலர் ஆண்மை மிக்கதென்றனர், சிலர் பெண்மை சார்ந்ததென்றனர். ஆண்மை குறித்து எழுத்தாளர் ஜான் எல்ட்ரெட்ஜ் 2001-இல் வெளியிட்ட நூல் இவ்விவாதத்தை அமெரிக்கத் திருச்சபைகளில் மீண்டும் எழுப்பியது.