இரண்டு வீட்டுக்காரர்கள்

தமிழில் 'வீட்டுக்காரர்' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. வாடகை வாங்குகிறவர் ஒருவர், கணவர் இன்னொருவர். 'வீட்டுக்காரர்கிட்ட சொல்லியிருக்கேன்' என்று ஒரு பெண் சொன்னால், எந்த வீட்டுக்காரர் என்று திருப்பிக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஜன்னல் பலகை மழையில் ஊதிப்போய், சாத்தினால் சாத்தாமல், இரவெல்லாம் காற்று உள்ளே வருகிறது என்றால், அதை முதலில் அறிபவள் வீட்டுக்குள் அதிக நேரம் இருப்பவள். அவள் அதை ஒரு வீட்டுக்காரரிடம் சொல்ல, அவர் மற்ற வீட்டுக்காரரிடம் சொல்ல வேண்டும் என்பதுதான் நம் ஊர்களில் நெடுங்காலமாக உள்ள நடைமுறை. பழுதைச் சரிசெய்யச் சொல்லும் உரிமை யாருக்கு இருந்தது, யார் பெயரில் இருந்தது என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. அந்த வரலாற்றைத் திருவண்ணாமலையில் ஒரு வாடகை வீட்டில் இருந்துகொண்டு எழுதுகிறேன்.

திருவண்ணாமலையைப் பற்றிச் சொல்பவர்கள் வெயிலைச் சொல்வார்கள், தீபத்தைச் சொல்வார்கள். கார்த்திகை பிறந்து தை முடியும்வரை விடியற்காலையில் மலைப்பக்கமிருந்து இறங்கும் குளிரை இங்கே குடியிருப்பவர்கள் மட்டுமே சொல்வார்கள். பழைய வீடுகளின் ஜன்னல்கள் வெயிலுக்காகச் செய்யப்பட்டவை. இரும்புக் கம்பி, மரப்பலகைக் கதவு, கொக்கி, அவ்வளவுதான். கண்ணாடி கிடையாது. பலகைக்கும் சட்டத்துக்கும் நடுவே விரல் நுழையும் இடைவெளி விழுந்துவிட்டால், கைக்குழந்தையும் மூச்சிரைப்புக்காரரும் உள்ள வீட்டில் அது சின்ன விஷயம் இல்லை. பழைய புடவையைச் சுருட்டி அந்த இடைவெளியில் செருகுவது தலைமுறை தலைமுறையாகப் பெண்கள் செய்த மராமத்து. எந்தக் கணக்கிலும் அது ஏறவில்லை.

வாடகைதாரருக்குச் சட்டம் என்று ஒன்று வந்ததே பெண்களால்தான் என்பதை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம். முதல் உலகப்போரின்போது ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்தில் ஆயுதத் தொழிற்சாலைகளுக்கு வேலைதேடி மக்கள் குவிந்தார்கள். ஈரமும் இருட்டும் நெரிசலுமான அடுக்குக் குடியிருப்புகளுக்கு உரிமையாளர்கள் வாடகையை உயர்த்தினார்கள். ஆண்களில் பலர் போர்முனையில் இருந்தார்கள், மற்றவர்கள் தொழிற்சாலையில். வாடகை வசூலிக்கவும் காலிசெய்யவைக்கவும் வந்த அதிகாரிகளை வாசலில் எதிர்கொண்டவர்கள் பெண்கள். மேரி பார்பர் போன்றவர்கள் தெருத்தெருவாகக் குழு அமைத்தார்கள். அதிகாரி வந்தால் ஒருத்தி மணியடிப்பாள், மற்றவர்கள் சமையலையும் துணி துவைப்பதையும் போட்டுவிட்டு ஓடிவந்து படிக்கட்டை அடைத்து நிற்பார்கள். 1915 நவம்பரில் சுமார் 20,000 குடும்பங்கள் வாடகை தர மறுத்து நின்றன. நவம்பர் 17 அன்று நீதிமன்றத்தை நோக்கிப் பெரும் கூட்டம் திரண்டது. டிசம்பரில் வாடகை உயர்வைத் தடுக்கும் சட்டம் பிரிட்டன் முழுமைக்கும் வந்தது. உரிமையாளர் செய்யும் மேம்பாட்டுக்கு வாடகையைக் கூட்டலாம், ஆனால் பழுதுபார்ப்புச் செலவைக் காட்டிக் கூட்டக்கூடாது என்று அந்தச் சட்டம் பிரித்துச் சொன்னது. பழுதுபார்ப்பது சலுகை அல்ல, வாங்கிய வாடகைக்கான கடமை என்ற கருத்து அதில் இருக்கிறது.

போர்க்கால வாடகைக் கட்டுப்பாடு என்ற அந்த யோசனை 1918இல் பம்பாய்க்கு வந்தது. சென்னை மாகாணத்துக்கு வர இன்னொரு போர் தேவைப்பட்டது. 1941இல் இந்தியப் பாதுகாப்பு விதிகளின்கீழ் வீட்டு வாடகைக் கட்டுப்பாட்டு ஆணை போடப்பட்டது. அது 1946இலும் 1949இலும் சட்டமாகி, கடைசியில் 1960இன் 18ஆம் எண் சட்டமாக நிலைபெற்றது. திருவண்ணாமலை போன்ற நகராட்சிகளில் அடுத்த அறுபது ஆண்டுகளுக்கு வாடகை வீட்டின் நியாயம் இந்த 1960 சட்டத்தில்தான் இருந்தது.

அதன் 22ஆம் பிரிவைப் பலர் படித்திருக்க மாட்டார்கள். வாடகைதாரர் அறிவிப்புக் கொடுத்தும் உரிமையாளர் நியாயமான காலத்துக்குள் தேவையான பழுதுகளைப் பார்க்கவில்லை என்றால், வாடகைக் கட்டுப்பாட்டு அலுவலரிடம் மனுக் கொடுக்கலாம். மாவட்டங்களில் அந்த அலுவலர் பெரும்பாலும் மாவட்ட முன்சீப். அவர் அனுமதித்தால் வாடகைதாரரே வேலையைச் செய்துகொண்டு செலவை வாடகையில் கழித்துக்கொள்ளலாம். ஆனால் ஓர் ஆண்டில் கழிப்பது ஆண்டு வாடகையில் பன்னிரண்டில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. அதாவது ஒரு மாத வாடகை. மாதம் 300 ரூபாய் வாடகை என்றால், ஆண்டு முழுவதும் வீட்டுக்குப் பார்க்கும் பழுது 300 ரூபாய்க்குள் அடங்க வேண்டும். அதற்காக மனு, விசாரணை, வாய்தா.

அதே சட்டத்தின் 14ஆம் பிரிவில் 'பழுதுபார்ப்பு' வேறு முகத்தோடு வருகிறது. ஆளைக் காலிசெய்யாமல் செய்யமுடியாத மராமத்து என்று உரிமையாளர் நிரூபித்தால், வாடகைதாரரை வெளியேற்ற உத்தரவு வாங்கலாம். இடித்துக் கட்டவும் அதே பிரிவில் வழி உண்டு. ஜன்னலைச் சரிசெய்யச் சொல்லிக் கேட்கும் ஒருவருக்கு, 'வீடே பழசுதான், காலி பண்ணுங்க, இடிச்சுக் கட்டிடலாம்' என்ற பதில் வந்தால் அது வெறும் மிரட்டல் அல்ல. சட்டத்தில் அதற்கும் இடம் இருந்தது. கேட்பதால் வீடே போய்விடலாம் என்ற பயத்தில்தான் புடவைகள் சுருட்டப்பட்டன.

கோயில் ஊர்களுக்கு இன்னொரு அத்தியாயம் உண்டு. 1976இல் தமிழக அரசு ஓர் ஆணையின் மூலம் இந்து, கிறிஸ்தவ, முஸ்லிம் சமயப் பொது அறக்கட்டளைகளுக்கும் தரும அறக்கட்டளைகளுக்கும் சொந்தமான கட்டடங்களை 1960 சட்டத்திலிருந்து விலக்கியது. மிகக் குறைந்த வாடகையால் அறநிலையங்கள் நட்டப்பட்டன என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. கோயில் கட்டடத்தை அற்ப வாடகைக்குப் பிடித்துவைத்து, உள்வாடகைக்கு விட்டுச் சம்பாதித்தவர்கள் உண்டு. உச்ச நீதிமன்றமும் எஸ். கந்தசாமி செட்டியார் வழக்கில் அந்த விலக்கு செல்லும் என்றது. ஆனால் வாடகையை உயர்த்துவதற்காகத் திறந்த அந்தக் கதவு வழியாக 22ஆம் பிரிவும் வெளியே போய்விட்டது. அன்றிலிருந்து கோயில் வீட்டிலோ மடத்து வீட்டிலோ இருப்பவருக்கு, ஒழுகும் ஓட்டுக்கும் ஊதிப்போன ஜன்னலுக்கும் மனுப்போட வாடகைக் கட்டுப்பாட்டு அலுவலர் இல்லை. அறநிலையச் சட்டத்தின்படி குத்தகைக் காலம் முடிந்தும் தங்கியிருப்பவர் ஆக்கிரமிப்பாளராகவே கருதப்படுவார். அப்பாவோ மாமனாரோ பெயரில் எப்போதோ போட்ட குத்தகையில், அவர்கள் காலத்துக்குப் பிறகும் வாழும் பெண் ஜன்னலைப் பற்றி எந்த வாயால் கேட்பாள்? கேட்டால் முதலில் பார்க்கப்படுவது ஜன்னல் அல்ல, அவள் அங்கே இருப்பதற்கான காகிதம்.

காகிதத்தில் யார் பெயர் என்பதுதான் இந்த வரலாற்றின் நடு முடிச்சு. 1960 சட்டம் வாடகைதாரர் யார் என்று சொல்லும்போது, இறந்துபோன வாடகைதாரருடன் குடும்பமாக வாழ்ந்த மனைவியையும் மக்களையும் சேர்த்துக்கொண்டது. நல்லதுதான். ஆனால் நடைமுறையில் அதன் பொருள், கணவன் இறந்த பிறகே மனைவி வாடகைதாரர் ஆகிறாள் என்பது. அவன் விட்டுவிட்டுப் போனால்? இந்தக் கேள்வி கர்நாடகத்திலிருந்து ஒரு வழக்காக உச்ச நீதிமன்றத்துக்குப் போய், 2005இல் தீர்ப்பு வந்தது. கைவிடப்பட்ட மனைவி வாடகை வீட்டில் தொடர்ந்து குடியிருந்தால், காலிசெய்யும் வழக்கில் கணவனின் இடத்தில் நின்று அவள் வாதாடலாம் என்றது நீதிமன்றம். ஆனால் வழக்குக்குக் காரணமான பெண்ணுக்கு அது உதவவில்லை. வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே விவாகரத்து ஆகியிருந்தது. மனைவி என்ற உறவு போனதோடு வீட்டின்மேல் இருந்த நிழலும் போயிற்று. அதே 2005இல் வந்த குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், வாடகை வீட்டையும் 'பகிர்ந்து வாழும் இல்லம்' என்று ஏற்று, ஒப்பந்தம் யார் பெயரில் இருந்தாலும் அவளுக்கு அங்கே வசிக்கும் உரிமை உண்டு என்றது. இருக்கலாம் என்பது பெரிய வெற்றி. ஆனால் இருக்கும் உரிமையும் பழுதைச் சரிசெய் என்று சொல்லும் உரிமையும் ஒன்றல்ல.

தனியாக வாழும் பெண்ணுக்கு முதல் வீட்டுக்காரர் இல்லாததே இரண்டாம் வீட்டுக்காரரிடம் பேசத் தடையாகிறது. என் வீட்டு ஒப்பந்தம் என் பெயரில், வாடகை என் கணக்கிலிருந்து. ஒரு மார்கழியில் ஜன்னலைப் பற்றி மூன்று முறை தொலைபேசியில் சொன்னேன். மூன்றாம் முறை வந்த பதில்: "வீட்ல ஆம்பளைங்க யாராச்சும் இருந்தா பேசச் சொல்லுங்கம்மா." நான் ஒரு பக்கத்தில் கடிதம் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். எந்த அறை, எத்தனை ஜன்னல், எப்போது எப்போது சொன்னேன் என்று தேதியோடு. பத்து நாளில் தச்சர் வந்தார். கடிதத்தில் சட்டப்பிரிவு எதுவும் இல்லை. தேதிகள் இருந்தன, கீழே என் கையெழுத்து இருந்தது.

மலைநாட்டுக் குளிரில் வாழும் தமிழ்ப் பெண்களுக்கு அந்தக் கடிதமும் எளிதல்ல. வால்பாறையிலும் நீலகிரியிலும் மூணாறிலும் தேயிலைக் கம்பெனியே முதலாளி, கம்பெனியே வீட்டுக்காரர். வரிசையாகக் கட்டிய லயங்களில் ஒரு வீட்டின் சுவர் அடுத்த வீட்டுக்கும் சுவர். மூணாறுப் பக்கம் சில ஆண்டுகள் ஜனவரியில் உறைபனி விழும். 1951 தோட்டத் தொழிலாளர் சட்டம், தோட்டத்தில் வசிக்கும் தொழிலாளருக்கும் குடும்பத்துக்கும் வீடு கட்டித் தருவதையும் அதைப் பராமரிப்பதையும் முதலாளியின் கடமை ஆக்கியது. ஆனால் 'குடும்பம்' என்பதற்கு அது தந்த விளக்கத்தைப் படிக்க வேண்டும். தொழிலாளி ஆணாக இருந்தால், அவரை நம்பியிருக்கும் பெற்றோரும் குடும்பம். பெண்ணாக இருந்தால் அவளுடைய பெற்றோர் குடும்பம் இல்லை. கொழுந்து பறிப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அவர்கள் உழைப்பால் கிடைத்த வீட்டில் அவர்களைப் பெற்றவர்கள் சட்டத்தின் கண்ணில் விருந்தாளிகள். இந்த வேறுபாடு 2010 திருத்தத்தில்தான் நீங்கியது. ஐம்பத்தொன்பது ஆண்டுகள்.

இடையில் 1981இல் வந்த திருத்தம் ஒன்று, தோட்ட வீடு இடிந்து உயிரிழப்போ காயமோ ஏற்பட்டால் முதலாளி இழப்பீடு தரவேண்டும் என்றது. அந்த வீடுகள் இருந்த நிலைக்கு அத்தகைய திருத்தம் தேவைப்பட்டதே சாட்சி. 2015 செப்டம்பரில் மூணாறில் பொம்பிளை ஒருமை என்று திரண்ட பெண்கள் போனசுக்காகச் சாலையை மறித்தபோது, கூலியோடு சேர்த்து அவர்கள் பேசியது ஒற்றை அறை லயத்தைப் பற்றியும்தான். தங்கள் பெயரில் பேசிக்கொண்டிருந்த ஆண் தொழிற்சங்கத் தலைவர்களை அவர்கள் ஒதுக்கிவைத்தார்கள். 'ஆம்பளைங்களைப் பேசச் சொல்லுங்க' என்ற நடைமுறையை ஒரு கூட்டமாக உடைத்த நிகழ்வு என்றே நான் அதைப் படிக்கிறேன். ஐந்து ஆண்டுகள் கழித்து, 2020 ஆகஸ்ட் 6 இரவில் பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியது. எழுபது பேர் போனார்கள், பெரும்பாலோர் தமிழர்கள். நிலச்சரிவை எந்தத் தச்சரும் தடுத்திருக்க முடியாது. ஆனால் எந்தச் சரிவின் அடியில் வீடு இருக்க வேண்டும் என்று முடிவுசெய்தவர்கள் அதில் படுத்து உறங்கியவர்கள் அல்ல.

தமிழ்நாட்டில் இப்போது இருப்பது 2017ஆம் ஆண்டின் புதிய வாடகைச் சட்டம். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. பழுதுகளை அது பட்டியல் போட்டுப் பிரிக்கிறது. கட்டட அமைப்பைச் சார்ந்த பழுது, வெள்ளையடிப்பு, கதவு ஜன்னலுக்கு வண்ணம் ஆகியவை உரிமையாளர் பொறுப்பு. ஜன்னலின் தாழ்ப்பாள், கைப்பிடி, கண்ணாடி மாற்றுவது வாடகைதாரர் பொறுப்பு. சட்டமே ஊதிப்போனால் அது அமைப்புப் பழுதா, கண்ணாடிப் பழுதா என்று வாதாட இடம் இருக்கிறது. அந்த வாதத்தை எழுத்து ஒப்பந்தம் போட்டுப் பதிவுசெய்தவரால்தான் வாடகை அதிகாரியின் முன் நடத்தமுடியும். சமய அறநிலையங்களின் கட்டடங்களை அறிவிக்கை மூலம் விலக்க இந்தச் சட்டத்திலும் வழி உண்டு.

ஆகவே கேட்க வேண்டியவை மிகச் சாதாரணமானவை. வாடகை ஒப்பந்தத்தில் மனைவியின் பெயரும் இரண்டாவது வாடகைதாரராக இருக்கட்டும். வாடகை ரசீது இருவர் பெயரிலும் வரட்டும். கோயில், மடம், அறக்கட்டளை வீடுகளுக்கு வாடகையை நிர்ணயிக்க அலுவலர் இருக்கிறார் என்றால், பழுதை விசாரிக்கவும் ஒருவர் இருக்கட்டும். குத்தகையைப் புதுப்பிக்கும்போது அங்கே வாழும் பெண்ணின் பெயரில் புதுப்பிக்கட்டும். காற்று எந்த இடைவெளி வழியாக வருகிறது என்று தெரிந்தவளே அதை அடைக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட, இவ்வளவும் தேவைப்படுகிறது.