ஜாவாவை விற்ற வருஷம்

போன மாதம் என் மகன் தன் மோட்டார் சைக்கிளை சர்வீசுக்கு விட்டு எடுத்து வந்தான். பில்லை மேஜைமேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டான். முப்பது வருஷத்துக்கு மேல் அரசாங்கத்தில் பில் சரிபார்த்தே பென்ஷன் வாங்கியவன் நான். எந்த பில் கண்ணில் பட்டாலும் வரி வரியாகப் படித்துக் கூட்டிப் பார்க்காமல் விடமாட்டேன். ஆயில், பிரேக் ஷூ, வாட்டர் வாஷ் எல்லாம் புரிந்தது. நடுவில் 'ஸ்கேனிங்' என்று ஒரு வரி இருந்தது.

"இது என்னடா, ஸ்கேன் எடுத்தது உனக்கா, வண்டிக்கா?" என்று கேட்டேன்.

"வண்டிக்குத்தாம்பா. ஒயரை மாட்டினா என்ன கோளாறுன்னு அதுவே சொல்லிடும்."

எங்கள் காலத்து வண்டியும் தன் கோளாறைச் சொல்லத்தான் செய்தது. சத்தத்திலும் புகையிலும் சொல்லும். கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது வண்டிக்காரன் வேலை. அந்த வேலை எப்போது நம் கையை விட்டுப் போனது என்று யோசித்தேன். எனக்கு அது 1988ஆம் வருஷம். ஜாவாவை விற்றுவிட்டு ஹீரோ ஹோண்டா வாங்கிய வருஷம்.

முதலில் பழைய கதையைச் சொல்லிவிடுகிறேன். நம் புதுச்சேரியில் நான் சின்ன வயதில் பார்த்த முதல் மோட்டார் வண்டி, சைகோனிலிருந்து திரும்பிய என் மாமா வைத்திருந்த மொபிலெட். பிரான்சில் மோட்டோபெக்கான் கம்பெனி 1949இல் கொண்டுவந்த வண்டி அது. பிற்காலத்தில் அதே கம்பெனியின் உரிமம் பெற்றுத் திருப்பதியில் 'சுவேகா' என்ற பெயரில் மொபெட் செய்தார்கள். உங்களில் பலர் ஓட்டியிருப்பீர்கள். மாமா ஞாயிற்றுக்கிழமை காலையில் திண்ணையில் உட்கார்ந்து ப்ளக்கைக் கழற்றித் துடைப்பார். அதை 'பூஜி' என்பார். பிரெஞ்சில் மெழுகுவத்திக்கும் அதே சொல்தான். பள்ளிக்கூடத்தில் மெழுகுவத்தி என்று படித்த சொல்லை மாமா கரி பிடித்த இரும்புத் துண்டுக்குச் சொன்னது எனக்கு வேடிக்கையாக இருந்தது. வண்டி என்றால் துடைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டிய ஒன்று என்பது அந்தத் திண்ணையில்தான் மனதில் பதிந்தது.

நான் வேலைக்குச் சேர்ந்த எழுபதுகளில் மோட்டார் சைக்கிள் என்றால் மூன்று பெயர்தான். சென்னை திருவொற்றியூரில் 1955 முதல் செய்துவந்த என்ஃபீல்டு புல்லட். போலந்து நாட்டு வண்டியை ஒட்டி 1962 முதல் எஸ்கார்ட்ஸ் கம்பெனி செய்த ராஜ்தூத். செக்கோஸ்லோவாகியாவின் ஜாவாவை ஒட்டி மைசூரில் ஐடியல் ஜாவா கம்பெனி 1961 முதல் செய்த ஜாவா. ஜாவா என்ற பெயருக்கும் ஜாவாத் தீவுக்கும் சம்பந்தம் கிடையாது. 1929இல் யானெச்செக் என்பவர் ஜெர்மனியின் வாண்டரர் கம்பெனியிடமிருந்து மோட்டார் சைக்கிள் செய்யும் உரிமையை வாங்கினார். இரண்டு பெயரின் முதல் எழுத்துகளையும் சேர்த்ததில் வந்தது அந்தப் பெயர். மைசூர் வண்டி எழுபதுகளில் யெஸ்டி என்று பெயர் மாறியது.

அந்த நாளில் எந்தத் தொழிற்சாலை எத்தனை வண்டி செய்யலாம் என்பதற்கு அரசாங்க லைசென்ஸ் வேண்டும். தேவை அதிகம், உற்பத்தி குறைவு. பஜாஜ் ஸ்கூட்டருக்குப் பணம் கட்டிவிட்டு வருஷக் கணக்கில் காத்திருந்தவர்கள் நம் தெருவிலேயே இருந்தார்கள். புது வண்டி சுலபத்தில் கிடைக்காது என்னும்போது பழைய வண்டியைச் சாகவிட முடியாது. பழுது பார்ப்பதில் நம் ஊர் மெக்கானிக்குகளுக்கு இருந்த கெட்டிக்காரத்தனத்தில் பாதி அந்தத் தட்டுப்பாடு கற்றுக்கொடுத்தது என்று நினைக்கிறேன்.

நான் 1976இல் ஏழு வருஷம் ஓடிய ஒரு ஜாவாவை செகண்ட் ஹாண்டில் வாங்கினேன். 250 சிசி, ஒரே சிலிண்டர், ஆனால் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சைலன்சர். கிக்கரும் கியரும் ஒரே லிவர்தான். கிக் பண்ணிவிட்டு அதையே முன்னால் சாய்த்தால் கியர். அந்த லிவரை மிதித்தாலே கிளட்சும் விலகிக்கொள்ளும். முத்தியால்பேட்டையிலிருந்து ஆபீசுக்கு அதில் போய் இறங்கினால் சூப்பிரண்டண்ட்கூட ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பார்.

அது டூ-ஸ்ட்ரோக் வண்டி. அதன் வேலையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் வருவது புரியாது. டூ-ஸ்ட்ரோக் எஞ்சினில் வால்வு கிடையாது. சிலிண்டர் சுவரில் இருக்கும் வாசல்களை பிஸ்டனே மேலும் கீழும் போய்த் திறந்து மூடும். எஞ்சினுக்குத் தனி ஆயில் இல்லாததால் பெட்ரோலிலேயே ஆயிலைக் கலந்து ஊற்ற வேண்டும். லிட்டருக்கு 40 மில்லி என்பது எங்கள் கணக்கு. அந்த ஆயிலும் சேர்ந்து எரிவதால் கரி பிடிக்கும். ப்ளக்கில் பிடிக்கும், புகை வெளியேறும் வாசலில் பிடிக்கும், சைலன்சர் உள்குழலில் பிடிக்கும். புகை போக வழியில்லாவிட்டால் எஞ்சின் மூச்சு முட்டி நிற்கும்.

ஆகவே சில மாதங்களுக்கு ஒருமுறை கார்பன் எடுக்க வேண்டும். நெல்லித்தோப்பில் ஒரு மெக்கானிக் அண்ணன் இருந்தார். ஹெட்டைக் கழற்றி, பிஸ்டனில் கீறல் விழாமல் கரியைச் சுரண்டுவார். உள்குழலை நெருப்பில் காட்டித் தட்டுவார். பாயின்ட் இடைவெளி பார்க்க அவரிடம் கேஜ் இல்லை. சவர பிளேடு நாலை ஒன்றாகச் சேர்த்து நுழைத்துப் பார்ப்பார். பிளேடு ஒன்று பத்தில் ஒரு பங்கு மில்லிமீட்டர். நாலு சேர்ந்தால் தேவையான அளவு. பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்துப் பார்த்து எனக்கும் பாதி வேலை வந்துவிட்டது. "கார்பன் எடுக்கறத மட்டும் தள்ளிப் போடாதீங்க தம்பி. ஆயில அதிகம் ஊத்தாதீங்க. மத்ததெல்லாம் வண்டி பொறுத்துக்கும்" என்பார்.

நாங்கள் கார்பன் சுரண்டிக்கொண்டிருந்தபோது வெளியே காலம் மாறிக்கொண்டிருந்தது. 1973இலும் 1979இலும் உலகச் சந்தையில் எண்ணெய் விலை ஏறி, நம் ஊர் பங்க்கிலும் எதிரொலித்தது. என் ஜாவா லிட்டருக்கு முப்பது கிலோமீட்டர் சொச்சம்தான் கொடுக்கும். எண்பதுகளில் ஜப்பான் கம்பெனிகளோடு கூட்டுச் சேர அரசாங்கம் அனுமதி கொடுத்தது. ஓசூரிலிருந்து 1984இல் டிவிஎஸ்காரர்களின் இண்ட்-சுசுகி வந்தது. 1985இல் ஹீரோ ஹோண்டா சிடி 100, அதே வருஷக் கடைசியில் யமஹா ஆர்எக்ஸ் 100, அடுத்து கவாசாகி பஜாஜ். நான்கும் 100 சிசி.

இந்த நான்கில் மூன்று டூ-ஸ்ட்ரோக். சிடி 100 மட்டும் ஃபோர்-ஸ்ட்ரோக். அதில் உள்ளே வரும் வழிக்கும் வெளியே போகும் வழிக்கும் தனித்தனி வால்வு உண்டு. டூ-ஸ்ட்ரோக்கில் இரண்டு வாசலும் ஒரே நேரத்தில் கொஞ்சம் திறந்திருப்பதால், எரியாத பெட்ரோலில் ஒரு பங்கு புகையோடு வெளியே ஓடிவிடும். சிடி 100இல் அந்த நஷ்டம் மிகவும் குறைவு. ஆயில் தனியாகக் கீழே இருப்பதால் கரியும் அவ்வளவு பிடிக்காது. பெட்ரோல் போடு, மூடியை மூடு, மறந்துவிடு என்கிற பொருளில் அவர்கள் செய்த விளம்பரம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். எங்கள் ஆபீசில் ஜாவா, புல்லட் வைத்திருந்த நாலைந்து பேர் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். மறந்துவிடுவதற்கு எதற்கு வண்டி என்பது எங்கள் கட்சி.

1987 ஐப்பசி மழையில் எனக்கு அந்தச் சிரிப்பு நின்றது.

எங்கள் அம்மாவுக்கு இளைப்பு உண்டு. ஒரு நாள் இரவு பதினொரு மணிக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது, மாத்திரைக்கு அடங்கவில்லை. வெளியே கொட்டுகிற மழை. ரிக்‌ஷா ஒன்றும் இல்லை. ஜாவாவை வாசலுக்குத் தள்ளிவந்து கிக் பண்ணினேன். இருபது, முப்பது கிக். புகை வந்ததே தவிர வண்டி பிடிக்கவில்லை. ப்ளக்கைக் கழற்றினால் ஆயிலில் ஊறிக் கறுப்பாக இருந்தது. துடைத்துப் போட்டேன். இரண்டு சத்தம் கொடுத்து அணைந்தது. என் மனைவி அம்மாவைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தாள். அந்த மூச்சுச் சத்தம் மழையை மீறிக் கேட்டது.

எதிர் வீட்டுப் பையன் கதவைத் திறந்து பார்த்தான். அவனிடம் சிடி 100. ஒரே கிக். அம்மாவை அவன் பின்னால் உட்காரவைத்து ஒரு புடவையால் அவன் இடுப்போடு சேர்த்துக் கட்டினோம். நான் என் பழைய சைக்கிளை எடுத்துக்கொண்டு பின்னாலேயே மிதித்தேன். மழையில் அந்த வண்டியின் சிவப்பு விளக்கு மட்டும் முன்னால் போய்க்கொண்டே இருந்தது. ஒரு திருப்பத்தில் மறைந்தது. நான் பெரிய ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தபோது அம்மாவுக்கு ஊசி போட்டு ஆக்ஸிஜன் வைத்திருந்தார்கள். அதற்குப் பிறகு ஆறு வருஷம் இருந்தார்கள்.

அன்றைக்குக் குற்றம் வண்டியுடையது அல்ல. ஆடியிலேயே கார்பன் எடுத்திருக்க வேண்டும். பண்டிகை முன்பணப் பட்டியல், சம்பளப் பட்டியல் என்று தள்ளிக்கொண்டே வந்தேன். பழைய எஞ்சினாயிற்றே என்று ஆயிலையும் தாராளமாக ஊற்றினேன். அண்ணன் சொன்ன இரண்டையும் மீறியது நான்தான். ஆனால் ஒன்று புரிந்தது. அந்த வண்டி என்னிடம் மாதா மாதம் கொஞ்சம் நேரத்தைக் கேட்டது. கல்யாணமாகாத இருபத்தாறு வயதில் அந்த நேரம் என்னிடம் இருந்தது. இரண்டு பிள்ளைகளும் வயதான தாயும் இருந்த முப்பத்தெட்டு வயதில் இல்லை. அந்த எண்பதுகளில் என்னைப் போல எத்தனையோ குமாஸ்தாக்கள், வாத்தியார்கள், பாங்க் ஊழியர்கள் ஜப்பான் வண்டிக்கு மாறினோம். பெட்ரோல் கணக்கு ஒரு காரணம். நேரக் கணக்கு இன்னொரு காரணம். அதை யாரும் வெளியே சொல்லவில்லை.

மோட்டார் சைக்கிள் முன்பணத்துக்கு மனுப் போட்டேன். விலை ஏறக்குறைய என் ஒன்பது மாதச் சம்பளம். முன்பணம் தீரும்வரை வண்டியை இந்தியக் குடியரசுத் தலைவர் பெயருக்கு அடமானம் எழுதித் தர வேண்டும். இதே பத்திரத்தை மற்றவர்களுக்காக எத்தனையோ முறை சரிபார்த்திருக்கிறேன். என் பெயரில் எழுதியபோது கொஞ்சம் பெருமையாகவே இருந்தது. 1988 மார்ச்சில் சிடி 100 வீட்டுக்கு வந்தது. எனக்கு லிட்டருக்கு எழுபதுக்குக் குறையாமல் கொடுத்தது. இருபது வருஷம் ஓட்டினேன். ஆயில் மாற்றியது தவிர அதன் உள்ளே என்ன இருக்கிறது என்று நான் ஒரு நாளும் பார்க்கவில்லை.

ஜாவாவை அண்ணனே ஒருவருக்கு விற்றுக்கொடுத்தார். கமிஷன் வாங்கவில்லை. "இனிமே நீங்க இந்தப் பக்கம் வரமாட்டீங்க தம்பி" என்றார். "அப்படியெல்லாம் இல்லண்ணே" என்றேன். அவர் சொன்னதுதான் நடந்தது. புது வண்டிக்கு வேலை இருந்தால் அல்லவா போவதற்கு? தொண்ணூறுகளில் ஒரு முறை அந்த வழியாகப் போனபோது கடை இருந்த இடத்தில் ஜெராக்ஸ் கடை இருந்தது. இறங்கி விசாரிக்கவில்லை. விசாரித்திருக்க வேண்டும்.

மற்றதெல்லாம் வரிசையாக நடந்தது. 1991 முதல் வாகனப் புகைக்கு அரசாங்கம் கட்டுப்பாடு கொண்டுவந்தது. 1996இலும் 2000இலும் அதை இறுக்கியது. ஆயிலைச் சேர்த்து எரிக்கும் டூ-ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிள்கள் ஒவ்வொன்றாக நின்றன. மைசூர் தொழிற்சாலை 1996இல் மூடப்பட்டது. ஆர்எக்ஸ் 100உம் அதே வருஷத்தோடு சரி. 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 வந்தபோது புது வண்டிகளில் கார்பரேட்டரும் போய், கம்ப்யூட்டர் அளந்து பெட்ரோல் பீய்ச்சும் முறை வந்துவிட்டது. அதில் கோளாறு வந்தால் காதால் கேட்டுக் கண்டுபிடிக்க முடியாது. அதற்குத்தான் அந்த ஸ்கேனிங். கார்பன் எடுக்கும் வேலை 1988இல் என்னிடமிருந்து போனது. கார்பரேட்டர் கழுவும் வேலை 2020இல் தெரு மெக்கானிக்கிடமிருந்து போனது. நம் ஊர்க் காற்றுக்கு அது நல்லதுதான். டூ-ஸ்ட்ரோக் புகையை நானும் நிறைய ஊதியிருக்கிறேன்.

2018இல் ஜாவா என்ற பெயர் மறுபடி வந்தது. கடைக்குப் போய்ப் பார்த்தேன். அதே மாதிரி இரண்டு சைலன்சர். பார்த்ததும் மனது கொஞ்சம் ஆடிவிட்டது. ஆனால் உள்ளே இருப்பது தண்ணீரால் குளிரூட்டும் ஃபோர்-ஸ்ட்ரோக் எஞ்சின். கிக்கர் இல்லை. விற்பனைப் பையன் "ஸ்டார்ட் பண்ணிப் பாருங்க சார்" என்றான். பொத்தானை அழுத்தினேன், உடனே பிடித்துக்கொண்டது.

மகனிடம் பில்லைத் திருப்பிக் கொடுத்து, கூட்டல் சரியாக இருக்கிறது என்றேன். ஸ்கேனிங் கட்டணம் நியாயமா என்று கேட்டான். நியாயம்தான் என்று சொன்னேன். நடுராத்திரியில் ஒரே தடவையில் கிளம்பும் வண்டிக்கு என்ன கொடுத்தாலும் தகும்.