மகாராஷ்டிரப் பாலினச் சோதனைத் தடைச் சட்டம், 1988

கருவின் பாலினத்தைச் சோதித்துச் சொல்வதை இந்தியாவில் முதன்முதலாகத் தடுத்த மாநிலச் சட்டம். மும்பையில் எழுந்த இயக்கம் ஒன்று போராடிப் பெற்றது.

கருக்கலைப்பு அதற்கு முன்பே சட்டத்தில் இடம்பெற்றிருந்தது. மகாராஷ்டிர அமைச்சர் சாந்திலால் ஷா தலைமையில் 1964இல் அமைந்த குழு அதற்கு வழிவகுத்தது. 1971இல் வந்த மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம் தாயின் உயிரையும் உடல், மன நலத்தையும் அளவுகோலாகக் கொண்டது. பெண் கரு என்பதற்காகக் கலைக்க அதில் அனுமதி இல்லை. ஆனால் கருவின் குறைபாட்டை அறிய வந்த பனிக்குட நீர்ச் சோதனை, 1980களில் பெண் கருவைத் தேடிப் பிடிக்கும் கருவியாகிவிட்டது. மாநில அரசுக்காக மருத்துவர் சஞ்சீவ் குல்கர்னி மும்பையில் நடத்திய ஆய்வில், 50 மகப்பேறு மருத்துவர்களில் 42 பேர் பாலினம் அறியவே இதைச் செய்வது தெரியவந்தது.

பெண்ணுரிமை அமைப்பினரும் மருத்துவர்களும் வழக்கறிஞர்களும் ஒன்றுகூடித் தடை கோரினர். கருவுக்கு வாழும் உரிமை உண்டு என்று வாதிட்டிருந்தால் வெற்றி எளிதாகியிருக்கலாம். ஆனால் பெண்ணின் கருக்கலைப்பு உரிமை அதோடு போயிருக்கும். ஆகவே அவர்கள் சோதனையை மட்டும் எதிர்த்தார்கள். பெண்ணுக்கு எதிரான பாகுபாடு என்பதே அவர்களின் வாதம். இந்த நிதானம்தான் இச்சட்டத்தின் பெருமை.

குறைகளும் இருந்தன. குடும்பத்தின் நெருக்கடியால் சோதனைக்கு வந்த பெண்ணும் தண்டனைக்கு உள்ளானாள். மாநில எல்லையைத் தாண்டினால் தடை செல்லாது. இதே நோக்கில் 1994இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் 1996இல் நடைமுறைக்கு வந்தது. மும்பையின் செஹாட் அமைப்பு உள்ளிட்டோர் 2000இல் உச்ச நீதிமன்றம் சென்றபின், கருத்தரிப்புக்கு முந்தைய பாலினத் தேர்வும் 2003இல் தடைக்குள் வந்தது.

கருவின் பெயரால் பெண்ணின் உரிமையைப் பறிக்கக் கூடாது என்ற அந்த இயக்கத்தின் நிலைப்பாட்டைப் பம்பாய் உயர் நீதிமன்றம் 2016இல் தெளிவாகச் சொன்னது. பைகுல்லா சிறையில் கருவுற்றிருந்த கைதி ஒருவர் குறித்துத் தானாக எடுத்த வழக்கில், நீதிபதிகள் வி. கே. தஹில்ரமணி, மிருதுளா பட்கர் அமர்வு, பிறவாத கருவை மனித உரிமைகள் உடைய தனி ஆளாகக் கொள்ள முடியாது என்றும், கர்ப்பம் பெண்ணின் உடலுக்குள் நிகழ்வதால் முடிவும் அவளுடையதே என்றும் தீர்ப்பளித்தது. வயிற்றுப் பிள்ளைக்கு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 20ஆம் பிரிவு தரும் சொத்துரிமைகூட, உயிருடன் பிறந்தால்தான் செல்லும்.

மருத்துவக் கருக்கலைப்புச் சட்டத்தின் 2021 திருத்தம் சில வகைப் பெண்களுக்கான வரம்பை 20 வாரத்திலிருந்து 24 வாரமாக உயர்த்தியது. பெண்கள் பலருக்கும் தெரியாத விதி ஒன்று அச்சட்டத்தில் முதலிலிருந்தே உண்டு: மனநலக் குறைபாடு இல்லாத, 18 வயது நிறைந்த பெண்ணின் சம்மதம் மட்டுமே போதும். தாராவியிலோ செம்பூரிலோ எந்த மருத்துவமனையும் கணவனின் கையெழுத்தைக் கேட்கச் சட்டத்தில் இடமில்லை.