திரௌபதை: காவியத் தலைவி அம்மனான வரலாறு

பாரதக் கதை தமிழகக் கோயில்களை மிகப் பழைய காலத்திலேயே வந்தடைந்தது. கி.பி. 7ஆம் நூற்றாண்டுப் பல்லவ மன்னன் முதலாம் பரமேசுவரவர்மனின் கூரம் செப்பேடு, கோயில் மண்டபத்திற் பாரதம் வாசிப்பதற்கு மானியம் ஒதுக்கப்பட்டமையைக் கூறுகின்றது. ஆயினும் அக்கதையின் தலைவி வழிபடு தெய்வமாக உயர்ந்தமை பிற்கால நிகழ்ச்சியாகும். அம்மாற்றத்தைக் கூந்தல், தீ என்னும் இரண்டின் வழியாக விளங்கிக்கொள்ளலாம்.

வியாச பாரதத்திலே திரௌபதை சபை நடுவே நீதி கேட்கின்றாள். கூந்தல் முடியேன் என அங்கு அவள் சூளுரைத்ததாக, 1966இல் நிறைவுற்ற பூனா ஆய்வுப் பதிப்பின் மூலபாடத்தில் இல்லை. பட்ட நாராயணரின் ‘வேணீசம்ஹார’ நாடகத்தில் அவள் கூந்தலை முடிப்பதாகச் சூளுரைப்பவன் வீமன். கி.பி. 1400ஐ அண்டி வாழ்ந்த வில்லிபுத்தூரார் பாரதத்திலோ அச்சபதம் திரௌபதையின் வாயிலேயே பிறக்கின்றது. 1912இல் முதற்பாகம் வெளிவந்த பாரதியின் ‘பாஞ்சாலி சபதம்’ அதனைத் தலைப்பாகவே கொண்டது. செஞ்சிப் பகுதிக் கோயில்களில், மண்ணாலான துரியோதனன் பேருருவம் கிடக்கும் படுகளத்திலே அம்மனின் கூந்தல் முடிக்கப்படுகின்றது. பாண்டவர் அரசு மீட்ட 18 நாட் போர், இங்கு அவளது விரதத்தின் நிறைவாகிவிடுகின்றது.

தீயின் நிலையும் இத்தகையதே. வேள்வித் தீயிற் பிறந்தவள், வியாசர் காட்டும் இறுதிப் பயணத்தில் எல்லோருக்கும் முன்னராக வீழ்கின்றாள். அருச்சுனன்பால் அவள் கொண்ட மிகையன்பே அதற்குக் காரணம் என்பான் தருமன். கோயில் விழாவோ அவ்வீழ்ச்சியை நோக்கிச் செல்வதன்று. தீமிதிப்பில் உச்சம் எய்துவது. ஈழத்திற் பாண்டிருப்பு, உடப்பு முதலிய ஊர்களின் திரௌபதை அம்மன் கோயில்களிலும் இதனைக் காணலாம். பாண்டிருப்பிற் பாண்டவர் வனவாசம் நிகழ்த்தப்பெற்ற பின்னரே அடியார் தீயில் இறங்குவர். காவியத்தில் வீழ்ந்தவள், இங்கு அடியாரைத் தீயினின்றும் காப்பவளாகின்றாள்.

இதனைக் கொண்டு அச்சமூகங்களிற் பெண் உயர்நிலை பெற்றிருந்தாள் என முடிவுசெய்தல் பொருந்தாது. தெருக்கூத்திலே திரௌபதை வேடம் புனைந்தோர் நெடுங்காலமாக ஆடவரே. தெய்வத்துக்கு வழங்கிய இடத்தைச் சமூகம் பெண்ணுக்கு வழங்கிவிடவில்லை. எனினும், தன்னைத் தோற்றவனுக்கு மனைவியைப் பணயம் வைக்கும் உரிமை உண்டோ என்று அவள் தொடுத்த வினாவுக்கு வீடுமனும் விடை கூற இயலாது தயங்கினான். அறிஞர் அவை தீர்க்காது விட்ட அவ்வழக்கிலே, பொதுமக்கள் அவளைத் தெய்வமாக்கித் தம் தீர்ப்பை வழங்கினர் எனலாம்.